எழுபத்துநாலு படி

பின்டர் வீட்டில் சமையலறை தரைக்கு அடியில் இருந்தது. படுக்கையறைகள் எல்லாம் இரண்டாம் மாடியில். குழாய்த் தண்ணீர் வருவது கீழே, தண்ணீர் வேண்டியவர்கள் இருப்பது மேலே. இரண்டுக்கும் நடுவில், வீட்டின் பின்பக்கம், வேலைக்காரர்களுக்கென்று ஒரு குறுகலான படிக்கட்டு. முன்பக்கத்துப் படிக்கட்டு அகலமானது, சிவப்புக் கம்பளம் போட்டது. அதைத் துடைக்கத்தான் எங்களுக்கு உரிமை, ஏற அல்ல.

1871இல், நான் அந்த வீட்டில் சமைக்க ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷம் ஆகியிருந்தது. என் பெயர் கெசையா ஹோல்ராய்ட். ஹாலிஃபாக்ஸ் ஊரில் கம்பளித் துணி வியாபாரம் செய்தவர்களில் ஹோரஸ் பின்டர் ஐயா முதல் நாலைந்து பேரில் ஒருவர். வீட்டில் அவர், எஜமானி லவினியா அம்மா, இரண்டு பெண்கள், அப்புறம் ஐயாவின் அத்தை துருசில்லா. அத்தையை நாங்கள் பெரியம்மா என்போம். எழுபது வயது, காது கூர்மை, வாய் அதைவிடக் கூர்மை. ஐந்து பேருக்கும் காலையில் முகம் கழுவ வெந்நீர், குளிக்க வெந்நீர், மதியம் கை கழுவ, சாயங்காலம் உடை மாற்றுமுன், படுக்குமுன் என்று வெந்நீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். என் அடுப்பின் பக்கத்துக் கொதிகலனில் பிடித்து, இரண்டு கையிலும் இரண்டு பித்தளைத் தூக்குவாளியோடு ஒருத்தி ஏற வேண்டும். அழுக்குத் தண்ணீரை அதே வழியாகக் கீழே கொண்டுவரவும் வேண்டும்.

தமார் என்ற பெண் வேலைக்கு வருவதற்கு முன்னால் அந்த வேலையை எல்லன் என்பவள் செய்தாள். அந்தப் படிக்கட்டு முதல் மாடிக்கு மேலே ஓர் இடத்தில் சட்டென்று திரும்பும். அங்கே ஜன்னல் கிடையாது, கைப்பிடியும் கிடையாது. 1871 ஏப்ரலில் ஒரு காலை, எல்லன் அந்தத் திருப்பத்தில் கால் தவறி விழுந்தாள். இரண்டு வாளி வெந்நீரும் அவள் இடது கைமேல். நான்தான் ஓடிப்போய்த் தூக்கினேன். சட்டைக் கையைக் கத்தரித்து எடுத்ததைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவள் அம்மா வந்து வண்டி வைத்து ஊருக்கு அழைத்துப் போனாள்.

அந்த வாரமே எஜமானி அம்மா குழாய்க்காரரை வரவழைத்தார். கூரைக்கு அடியில் ஒரு தொட்டி, என் அடுப்புக்குப் பின்னால் ஒரு பாய்லர், இரண்டாம் மாடிக்கு ஒரு குழாய். எல்லாம் முடியும் என்று அவர் அளந்து சொன்னார். ஐயா ஒப்பவில்லை. பனிக்காலத்தில் குழாய் வெடித்தால் மேல்தளம் முழுக்க நாசமாகும் என்றார். தன் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான் நடக்கிறது என்றார். சொல்லிவிட்டு, வேறு பெண்ணைப் பார்க்கச் சொன்னார். ஐயா கொடுமைக்காரர் இல்லை. எல்லனுக்கு மருந்துச் செலவு அனுப்பினார். ஆனால் அந்தப் பின்படிக்கட்டில் அவர் வாழ்நாளில் கால் வைத்ததில்லை. பார்க்காத இடத்தைப் பற்றி மனிதனுக்கு என்ன தெரியும்?

ஜூன் முதல் வாரத்தில் தமார் சக்டன் வந்து சேர்ந்தாள். இருபத்துமூன்று வயது. மேட்டுநிலத்துக் கல்குவாரிக் கிராமத்துப் பெண். குட்டையான, அகன்ற தோள். அதிகம் பேச மாட்டாள். அப்பா குவாரியில் கல் அளக்கிறவர். அந்தப் பழக்கமோ என்னவோ, எதையும் எண்ணுவாள். நான் மாவு பிசையும்போது எத்தனை தடவை மடிக்கிறேன் என்று எண்ணியிருக்கிறாள். முதல் நாள் மேலே போய்விட்டு வந்ததும் சொன்னாள்:

"எழுபத்துநாலு படி, அக்கா."

பத்தொன்பது வருஷத்தில் எனக்கு அது தெரியாது.

அதற்கப்புறம் ஒரு நாள் என்னுடைய அளவு நாடாவைக் கடன் கேட்டாள். எதற்கு என்றால், படியின் உயரம் பார்க்க என்றாள். ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். நிலக்கரி அறைக் கதவின் உட்பக்கம் ஒவ்வொரு நடைக்கும் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டாள். ஒரு வாரம் போட்டுப் பார்த்து, ஒரு நாளைக்கு இருபத்தாறு நடை என்று கண்டுபிடித்தாள். இதெல்லாம் எதற்கடி, எண்ணினால் படி குறையுமா என்று கேட்டேன்.

"குறையாதுக்கா. ஆனா எண்ணலேன்னா முடியவே முடியாதுன்னு தோணும். எண்ணினா இத்தனைதான்னு தெரியும்."

ஆகஸ்டில் ஐயா மலையேறப் போனார். பணமும் பலமும் உள்ள ஆண்களுக்கு அப்போது அது ஒரு பித்து. மோன் பிளாங் சிகரத்தின் உச்சி வரை போய்விட்டு, மூக்குத்தோல் உரிந்து, ஐந்து வயது குறைந்தவர் மாதிரித் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் வேறு பேச்சு இல்லை. காலை முட்டையோடு பனிப்பிளவு, மதியம் இறைச்சியோடு பனிச்சரிவு. பெண்கள் இரண்டு பேரும் மேஜைக்கு அடியில் ஒருவர் காலை ஒருவர் மிதித்துச் சிரிப்பை அடக்குவார்கள் என்று தமார் சொல்வாள். அக்டோபர் கடைசியில் ஊர் மன்றத்தில் அவர் இதைப் பற்றிப் பேசுவதாக ஏற்பாடாகி, சுவரொட்டிகூட அடித்து ஒட்டிவிட்டார்கள்.

அந்தப் பேச்சை முதலில் வீட்டிலேயே ஒத்திகை பார்த்துவிட வேண்டும் என்று, அக்டோபர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பத்துப் பன்னிரண்டு பேரை டீக்கு அழைத்தார். நான் மூன்று தட்டு ஸ்கோன் ரொட்டி சுட்டேன். ஐயா பனிக்கோடரியைக் கணப்புக்கு மேலே சாய்த்துவைத்து, கயிற்றை நாற்காலி முதுகில் தொங்கவிட்டு, ஆணி அடித்த பூட்ஸைச் செய்தித்தாள் விரித்து வைத்து, பேச ஆரம்பித்தார். தமார் டீ பரிமாறினாள். வெந்நீர்க் கெட்டிலோடு நானும் திறந்திருந்த கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். அதனால் நடந்ததைக் கண்ணால் பார்த்து, காதால் கேட்டவள் நான்.

அடிவாரத்து ஊரிலிருந்து உச்சி வரை பன்னிரண்டாயிரத்து முந்நூறு அடி ஏறினேன் என்று ஐயா சொன்னார். இதைப் பெண்களின் உடம்பு தாங்காது, நுரையீரல் அப்படி அமைந்திருக்கிறது, நம் மாவட்டத்தில் இதைச் செய்யக்கூடிய ஒரு பெண்ணைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றும் சொன்னார். ஆண்கள் தலையாட்டினார்கள். பெரியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த நேரம் தமார் அவருடைய கோப்பையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். விளையாட்டாகத்தான் கேட்டார்:

"ஏம்மா தமார், நீ ஏறுவியா அந்த மலையை?"

"ஏறியிருக்கேன் பெரியம்மா," என்றாள் தமார்.

பெரியம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

"எப்போ?"

"பத்தாவது தடவை போன செவ்வாக்கிழமை முடிஞ்சுது."

யாரோ சிரித்தார்கள். தமார் சிரிக்கவில்லை. கெட்ட எண்ணத்தோடும் அவள் அதைச் சொல்லவில்லை என்பதை நான் சத்தியம் செய்து சொல்வேன். கேட்டார்கள், தனக்குத் தெரிந்த கணக்கைச் சொன்னாள். படி எழுபத்துநாலு, ஒரு படி ஏழு அங்குலம், ஒரு நாளைக்கு இருபத்தாறு நடை, பதினோரு நாளைக்கு ஒரு மலை. தான் வெளியே போன ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிட்டதாகவும் சொன்னாள்.

ஐயா வியாபாரி. எண்களைக் கேட்டால் கை சும்மா இருக்காது. பென்சிலை எடுத்து, பேச்சு எழுதிவைத்த தாளின் ஓரத்திலேயே பெருக்கினார். அறை முழுக்க அந்தப் பென்சில் சத்தம்தான். அப்புறம் பென்சிலும் நின்றது.

"என்ன வருது ஹோரஸ்?" என்றார் பெரியம்மா.

"பன்னிரண்டாயிரத்து முந்நூத்தி நாப்பத்தஞ்சு."

"அப்போ உன்னைவிட நாப்பத்தஞ்சு அடி அதிகம்."

ஐயாவின் முகம் சிவந்தது. படிக்கட்டு வேறு, மலை வேறு என்றார். பனி, காற்று, குளிர் என்று அடுக்கினார். அதெல்லாம் உண்மைதான் என்று பெரியம்மா ஒப்புக்கொண்டார். அப்புறம் மெதுவாக, மலையில் உன் மூட்டையை யார் சுமந்தார்கள் என்று கேட்டார். நாலு வழிகாட்டிகள் சுமந்தார்கள். உன் கையில்? கோடரி மட்டும். தமாரைப் பார்த்து, உன் கையில் எத்தனை கனம் என்றார். வாளியோடு சேர்த்து நாற்பத்தெட்டு ராத்தல் என்றாள் தமார். சமையலறைத் தராசில் அவள் அதையும் நிறுத்திருந்தாள்.

விருந்தாளிகள் முன்னால் ஒரு ஆண் இப்படி மாட்டிக்கொண்டால் இரண்டில் ஒன்றுதான் செய்வார். கோபப்படுவார், அல்லது வீம்பு பேசுவார். ஐயா வீம்பு பேசினார்.

"இதென்ன பெரிய விஷயம்? நாளைக்கு ஒரு நாள் இந்த வீட்டுத் தண்ணி முழுக்க நானே தூக்கறேன். இருபத்தாறுல ஒண்ணு குறைஞ்சு வாளியைக் கீழ வெச்சேன்னா, அன்னிக்கே குழாய்க்காரனைக் கூப்பிடறேன்."

இதுவரை வாய் திறக்காமலிருந்த எஜமானி அம்மா அப்போதுதான் பேசினார். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்க இல்லையா?" என்றார். அவ்வளவுதான். அந்தக் குரலில் இருந்த உறுதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

விருந்தாளிகள் போனதும் தமார் சமையலறைக்கு வந்தாள். நான் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்கு வாய்க்குப் பூட்டே கிடையாதாடி? நாளைக்கே கடிதம் இல்லாம வெளிய அனுப்பிட்டா என்ன பண்ணுவ?"

நற்சான்றுக் கடிதம் இல்லாமல் போனால் நல்ல வீடு எதுவும் கதவு திறக்காது. அது அவளுக்கும் தெரியும். பாத்திரம் கழுவிக்கொண்டே, கேட்டாங்க, சொன்னேன் என்று மட்டும் சொன்னாள். ஆனால் கோப்பை ஒன்று தட்டில் இடித்தது. அரை மணி கழித்து ஐயா அவளைப் படிப்பறைக்குக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் ஏப்ரனைக் கழற்றி மடித்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். நான் அந்த ஏப்ரனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் ஆச்சரியம். வேலையை விட்டு அனுப்பவில்லையாம். காலையில் எத்தனை மணிக்குத் தொடங்க வேண்டும், எந்த அறை முதலில் என்று கேட்டாராம். நீயே கூட இருந்து எண்ணு, எனக்குச் சாதகமாக ஒன்றுகூட அதிகம் எண்ணாதே என்றாராம். அந்த மனிதரிடம் எனக்கு இருந்த மரியாதை அன்று ஒரு பிடி கூடியது.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு ஐயா சமையலறைக்கு இறங்கி வந்தார். மலைக்குப் போட்ட முரட்டுக் கோட்டு, முழங்கால் வரை கம்பளிக் காலுறை, அந்த ஆணி பூட்ஸ். என் கல் தரையில் அது கீச்சென்றது. என் படிக்கட்டை அந்த ஆணிகளால் குத்தவிடமாட்டேன் என்று நான் சொல்லிவிட்டேன். பத்தொன்பது வருஷத்தில் அவரிடம் முதன்முதலாக முடியாது என்று சொன்னது அப்போதுதான். அவர் மறுபேச்சு இல்லாமல் போய் வீட்டுச் செருப்போடு வந்தார்.

முதல் நாலு நடை முகம் கழுவும் தண்ணீர். தமார் அவருக்குப் பின்னாலேயே போனாள். சிந்தினால் அவரே துடைக்க வேண்டும், கதவைத் தட்டிவிட்டு நிற்க வேண்டும், தொட்டிப் பக்கத்தில் வைத்துத் துண்டால் மூட வேண்டும், காலி வாளியோடு நேற்றைய அழுக்குத் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். இதெல்லாம் வேலையின் பகுதி என்று அவள் பணிவாகச் சொன்னாள். அழுக்குத் தண்ணீர் வாளியைப் பற்றி ஐயா யோசித்திருக்கவே இல்லை. அதற்குள் என்ன இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. இரவில் யாரும் வீட்டுக்கு வெளியே போவதில்லை. ஐயா முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டே அதைக் கீழே கொண்டுவந்தார்.

பெரியம்மாவின் அறைக்கதவைத் தட்டியபோது, உள்ளே வரச் சொன்னாராம். வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தாராம்.

"ஆறிப் போச்சேப்பா. வேற கொண்டா."

அந்த நடையைக் கணக்கில் சேர்க்கலாமா என்று ஐயா கேட்டார். பெரியம்மா தினமும் ஒரு தடவை திருப்பி அனுப்புவார், இருபத்தாறில் அதுவும் சேர்த்திதான் என்றாள் தமார். திருப்பி அனுப்பினால் ஒரு நடை கூடும் என்று பெரியம்மா யோசித்ததே இல்லை. அன்றைக்குப் பிறகு அவர் வாளியைத் திருப்பி அனுப்பியதே இல்லை.

ஒன்பது நடை வரை ஐயா விசிலடித்தார். பத்தில் விசில் நின்றது. பதினொன்றில் கோட்டு என் நாற்காலிக்கு வந்தது. பித்தளைக் கைப்பிடி மெல்லியது. கனம் முழுவதும் விரல் மடிப்பில்தான் இறங்கும். அவர் கையைப் பார்த்தேன், நாலு விரலிலும் கொப்புளம். தன் குளியலுக்கான முறை வந்தபோது, எனக்கு இன்று குளிக்க வேண்டாம் என்றார்.

"சரிங்க ஐயா," என்றாள் தமார். "அப்போ இருபத்தாறுல நாலு குறையும்."

அவர் வாளிகளை நீட்டினார், நான் நிரப்பினேன். நாலு நடையும் தூக்கித் தன் தொட்டியைத் தானே நிரப்பிக் குளித்தார். தினமும் அந்தத் தொட்டிக்குள் எட்டு வாளி இருந்தது என்று தனக்குத் தெரியாது என்று எஜமானி அம்மாவிடம் சொன்னாராம். சொன்னவர் அந்தத் தண்ணீரில் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாராம். இதற்கு நடுவில் தமாரின் மற்ற வேலைகள் நிற்கவில்லை. ஐயா ஒரு நடை போய் வருவதற்குள் அவள் ஒரு கணப்பில் சாம்பல் அள்ளுவாள், ஒரு படுக்கையை உதறி விரிப்பாள், மறுபடி அவர் பின்னால் வந்து நிற்பாள். தண்ணீர் அவள் வேலையில் ஒரு பங்குதான் என்பதை அவர் கண்ணால் பார்த்தார்.

பதினேழாவது நடை பெண்களின் குளியலுக்கு. கீழே எனக்குச் சத்தம் கேட்டது. முதலில் வாளி, அப்புறம் ஒரு மனிதன் பல்லைக் கடிக்கும் சத்தம். ஓடினேன். ஜன்னல் இல்லாத அந்தத் திருப்பத்தில் ஐயா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒரு வாளி பாதி கவிழ்ந்து அவர் முழங்காலுக்குக் கீழே ஊற்றியிருந்தது. கம்பளிக் காலுறை தடிமனானதால் பெரிய காயம் இல்லை, சிவந்திருந்தது. தமார் அதற்குள் குளிர்ந்த துணியைச் சுற்றிவிட்டிருந்தாள். மேலே ஏறுபவளுக்கு எப்போதும் இடுப்பில் ஒரு ஈரத்துணி இருக்கும்.

ஐயா இருட்டில் அந்தத் திருப்பத்தைத் தடவிப் பார்த்தார். கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் சுவர்.

"ஹோல்ராய்ட், எல்லன் விழுந்தது இங்கதானா?"

"இங்கதான் ஐயா."

"அவ ரெண்டு வாளியும்…"

"ரெண்டும் நிறைஞ்சிருந்துது ஐயா. கைமேல."

ஐயா எழுந்து, சிந்தியதைத் துடைத்து, கீழே போய் வாளியை மறுபடி நிரப்பிக்கொண்டு ஏறினார். பதினேழு முடிந்தது. அவர் அங்கேயே நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மதியச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு நடை. பத்தொன்பது. அதற்கப்புறம் அவர் செய்த தவறு, உட்கார்ந்ததுதான். அன்று ஆலைக்குப் போகவில்லை. நாற்காலியில் சாய்ந்து மூன்று மணி நேரம் கழித்து எழுந்தபோது தொடை இரண்டும் மரக்கட்டையாகிவிட்டன. ஏறுவதைவிட இறங்குவதுதான் காலை உடைக்கும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு உடை மாற்றும் தண்ணீர். இருபதாவது நடைக்கு ஒரு படிக்கு ஒரு மூச்சாக ஏறினார். பக்கவாட்டில் திரும்பி, சுவரைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி இறங்கினார்.

இருபத்தொன்றாவது நடையில் முதல் மாடி வரை போனார். வீட்டில் இருந்த எல்லோரும் அதற்குள் அங்கே வந்துவிட்டார்கள். எஜமானி அம்மா, இரண்டு பெண்கள், பெரியம்மா எல்லோரும் பின்படிக்கட்டின் வாசலில் நின்றார்கள். நானும் அடுப்பை விட்டுவிட்டு வந்திருந்தேன். ஐயா அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார். கால் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். பிறகு குனிந்து, மிக மெதுவாக, ஒரு சொட்டுச் சிந்தாமல், இரண்டு வாளியையும் படியில் வைத்தார்.

"முடியல," என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. தமார் அவரைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். குனிந்து இரண்டு கைப்பிடியையும் பிடித்தாள். முதுகு நேராகியது. வேகமும் இல்லை, தயக்கமும் இல்லை. தினமும் எப்படி ஏறுவாளோ அப்படி, அந்த இருட்டுத் திருப்பத்தில் தோளைச் சுவரில் ஒட்டிவைத்துத் திரும்பி, மேலே போய்விட்டாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. அழுக்குத் தண்ணீர் வாளியோடு இறங்கினாள். மறுபடி ஏறினாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று, இருபத்துநாலு. நாங்கள் யாரும் இடத்தை விட்டு அசையவில்லை. தினமும் நடந்த காரியம்தான். ஆனால் யாரும் அதுவரை பார்த்ததில்லை. நான் உட்பட. ஐயா படியில் உட்கார்ந்தபடி அவள் ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் காலை ஒதுக்கி வழிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது, எதற்கென்று சொல்லத் தெரியாத பெருமை.

இருபத்துநாலாவது நடை முடிந்து அவள் மேலே நின்றபோது எஜமானி அம்மா கீழே இருந்து கூப்பிட்டார்.

"தமார், முன்பக்கமா இறங்கி வா."

"வாளி இருக்குங்கம்மா."

"வாளியோடதான். வா."

அவள் காலி வாளிகளோடு சிவப்புக் கம்பளத்தின் நடுவில் இறங்கி வந்தாள். பெரியம்மா கைத்தடியால் தரையைத் தட்டினார். பெண்கள் இரண்டு பேரும் கைதட்டினார்கள். ஐயா எப்படியோ சுவரைப் பிடித்து முன்கூடத்துக்கு வந்து, அவள் கடைசிப் படியில் கால் வைக்கும்வரை நின்றார். பேனாவும் தாளும் கொண்டுவரச் சொல்லி, நின்றபடியே குழாய்க்காரருக்கு எழுதினார். அந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்த்தவள் நான்தான். படுக்குமுன் போகவேண்டிய இரண்டு நடையை அன்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் குளிர்ந்த தண்ணீரில் கழுவிக்கொண்டார்கள்.

ஊர் மன்றத்தில் ஐயாவின் பேச்சு அந்த மாதக் கடைசியில் நடந்தது. முன்வரிசையில் எனக்கும் தமாருக்கும் இடம் போட்டிருந்தார். ஆலைக்காரர்களுக்கும் அவர்கள் மனைவிகளுக்கும் நடுவில் எங்கள் தொப்பியோடு நாங்கள் உட்கார்ந்திருந்தோம். மோன் பிளாங்கைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார். பெண்களின் நுரையீரல் பற்றிய பகுதி காணாமல் போயிருந்தது. கடைசியில், இந்த ஊரிலிருந்து அத்தனை உயரம் ஏறிய முதல் ஆள் தான்தான் என்று சுவரொட்டி சொல்கிறது, அது தவறு, தன் வீட்டிலேயே ஒருவர் நாற்பத்தெட்டு ராத்தல் சுமையோடு பதினொரு தடவை ஏறியிருக்கிறார், தான் அந்தச் சுமையோடு ஒரு முழுநாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை என்றார். தமாரைப் பெயர் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். அவள் எழுந்தாள். காது வரை சிவந்திருந்தாள், ஆனால் தலையைக் குனியவில்லை. பின்வரிசைகளில், எஜமானிகளோடு வந்து குடையும் சால்வையும் சுமந்து நின்ற வேலைக்காரப் பெண்கள் முதலில் தட்டினார்கள். அப்புறம் மன்றம் முழுவதும் தட்டியது. அந்தக் குளிர்காலத்திலேயே எங்கள் தெருவில் இன்னும் மூன்று வீட்டுக்குக் குழாய்க்காரர் வந்து அளந்துவிட்டுப் போனார்.

எல்லனுக்கு எஜமானி அம்மா தானே கடிதம் எழுதினார். அவள் வலது கை நன்றாக இருந்தது, இடது கை விரல்களும் மெல்ல மடங்க ஆரம்பித்திருந்தன. தையல் வேலைக்கென்று அவள் நவம்பரில் திரும்பி வந்தாள், முன்னைவிட நல்ல சம்பளத்துக்கு. வந்த அன்று பின்படிக்கட்டில் ஏறிப் பார்த்தாள். திருப்பத்தில் புதுக் கைப்பிடியும், வெளிச்சத்துக்கு ஒரு விளக்குமாடமும் இருந்தன.

குழாய்வேலை ஐந்து வாரம் பிடித்தது. வீடு முழுக்கத் தூசி, என் அடுப்பு நாலு நாள் அணைந்து கிடந்தது, குளிர்ந்த இறைச்சியே எல்லோருக்கும். இரண்டாம் மாடியில் பெட்டிகள் போட்டுவைத்த அறையைக் காலிசெய்து, பெரிய துத்தநாகத் தொட்டி ஒன்றை வைத்து, அதற்கு மேலே இரண்டு பித்தளைக் குழாய். எல்லாம் முடிந்த அன்று, ஒரு வியாழக்கிழமை காலை, வீட்டில் எல்லோரும் அந்தச் சின்ன அறையில் நெருக்கியடித்து நின்றோம். குழாயைத் திறக்கச் சொல்லி எஜமானி அம்மா தமாரைக் கைகாட்டினார். அவள் திருகினாள். முதலில் குழாய் இருமியது. துருத்தண்ணீர் கொஞ்சம் துப்பியது. அப்புறம் சுவருக்குள் ஏதோ உறுமி, தெளிந்த தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. தமார் அதன் கீழே கையை வைத்திருந்தாள். கொஞ்சங் கொஞ்சமாக அவள் முகம் மாறியது.

"சூடு," என்றாள். "அக்கா, சூடா வருது."

ஐயா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றிருந்தார். முதல் குளியல் தனக்கு என்று அவர் நினைத்ததில் தவறில்லை. அவர் காசு, அவர் தொட்டி. எஜமானி அம்மா அந்தத் துண்டை அவர் தோளிலிருந்து எடுத்துத் தமாரிடம் கொடுத்தார். மற்ற எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, கதவைத் தானே சாத்தினார்.

நாங்கள் கூடத்தில் நின்றோம். உள்ளே தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. தொட்டி நிறையும் சத்தம் நின்று, ஒருத்தி கழுத்துவரை அமிழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் அவள் பாட ஆரம்பித்தாள். குவாரிக்காரர்கள் பாடும் ஏதோ பாட்டு, வார்த்தை சரியாகக் கேட்கவில்லை. அவளுக்குப் பாட வரும் என்பதே எங்களுக்குத் தெரியாது. அரை மணி ஆயிற்று. ஐயா கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். கதவைத் தட்டலாமா என்று கையைத் தூக்கினார்.

"பேசாம நில்லு ஹோரஸ்," என்றார் பெரியம்மா. "அவ இன்னும் உச்சியிலேருந்து இறங்கல."

ஐயா கையைக் கீழே போட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார். உள்ளே தமார் குழாயை மறுபடி திருகி, இன்னும் கொஞ்சம் வெந்நீர் விட்டுக்கொண்டாள்.